உடல் பருக்க மூச்சுச் சுருங்கும்

தொய்வு நோயாளி என்றவுடன் நம்மவரின் மனக்கண்முன் தோன்றுவது, விலா எலும்புகள் தெரிய மெலிந்து, தோள்களை உயர்த்தி மூச்சை இழுக்கும் ஒரு முதியவரின் உருவமே. மெலிதலையும் மூச்சு வாங்குதலையும் ‘இளைப்பு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது தமிழ் வழக்கு. ஆயினும் அந்தப் பழைய உருவம் இன்று மாறிவருகின்றது. நடுத்தர வயதை எட்டிய, உடல் பருத்த, சிறுவயதில் ஒருநாளும் மூச்சிரைப்பை அறியாத பலர், சிறப்பாகப் பெண்கள், நாற்பது வயதின் பின்னர் தொய்வு நோயாளிகளாக வைத்தியர்களை நாடுவது உலகின் பல நாடுகளிலும் அவதானிக்கப்பட்டுள்ளது.

உடற்பருமன் என்றதும் நீரிழிவு, உயர் குருதியமுக்கம், மாரடைப்பு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. மூச்சு நினைவுக்கு வருவதில்லை. இதனால் இரு வகையான தவறுகள் நேர்கின்றன. “எனக்குத் தொய்வு இருக்கின்றது, நடக்க இயலாது” எனக் கூறி உடல் எடையைக் கவனியாது விடுவது ஒன்று. “எல்லாம் உடம்பினால் வருவது, மெலிந்தால் சரியாகிவிடும்” எனக் கூறித் தொய்வுக்கான மருந்தைக் கைவிடுவது மற்றது. முதலாவது தவறு ஒருவரை மெல்ல மெல்ல முடக்கும். இரண்டாவது தவறு ஓர் இரவிலேயே உயிரைப் பறிக்கவும் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் 26 கோடியே 20 இலட்சம் பேர் தொய்வினால் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் 4 இலட்சத்து 55 ஆயிரம் பேர் அந்நோயினால் இறந்தனர். ஆகவே இவ்விரு நோய்களுக்கும் இடையிலான தொடர்பை நாம் சரிவர விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

மாறிய வாழ்க்கை

இந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ள நீர்வேலி போன்றதொரு கிராமத்தையே எடுத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், கோப்பாயை அடுத்து அமைந்துள்ள நீர்வேலி, செம்மண் தோட்டங்களுக்கும் வாழைச் செய்கைக்கும் பெயர்பெற்ற ஊர். ஒரு காலத்தில் இங்கு ஒரு தோட்டத்துக்கு நீர் இறைப்பதென்றால் துலா மிதிப்பவர், பட்டை பிடிப்பவர், தண்ணீர் மாறுபவர் என மூவரின் உடலுழைப்பு வேண்டியிருந்தது. வாழைக்கிடங்கு வெட்டுவதும், பாத்தி கட்டுவதும், குலை சுமப்பதும் மனித வலுவினாலேயே நடந்தன. 1990 களில் பொருளாதாரத் தடையினால் எரிபொருள் அரிதாகியபோது குடாநாடு முழுவதும் துவிச்சக்கரவண்டியிலேயே இயங்கியது. பாடசாலைக்கும் சந்தைக்கும் மட்டுமன்றி, நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதற்கும் அதுவே வாகனமாயிற்று.

அந்தக் காலத்தின் துன்பங்களை யாரும் மீண்டும் விரும்பப்போவதில்லை. ஆனால் நீர் இறைக்கும் இயந்திரமும், உழவு இயந்திரமும், மோட்டார் சைக்கிளும், முச்சக்கரவண்டியும் வந்து நமது உழைப்பைக் குறைத்தபோது உணவின் அளவு அதற்கேற்பக் குறையவில்லை. மாறாக, பாணும் பணிசும், பொரித்த சிற்றுண்டிகளும், கொத்துரொட்டியும், சீனி கலந்த குளிர்பானங்களும் நாளாந்த உணவில் இடம்பிடித்தன. இது நீர்வேலிக்கு மாத்திரம் உரியதன்று. 2015 இல் இலங்கை முழுவதும் நடத்தப்பட்ட தொற்றா நோய்கள் பற்றிய ஆய்வில், வளர்ந்தோரில் ஏறத்தாழ பத்துப்பேருக்கு மூவர் அளவுக்கு மேற்பட்ட எடையுடையோராக இருந்தனர். ஆண்களைவிடப் பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. உலக அளவில் 2022 ஆம் ஆண்டில் எட்டுப்பேருக்கு ஒருவர் உடற்பருமனுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் தெரிவித்துள்ளது.

மூச்சின் இயந்திரவியல்

பருத்த உடல் மூச்சை எவ்வாறு பாதிக்கின்றது? இதற்கு விடை காண, மூச்சு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை முதலில் நோக்குவோம். நமது மார்பறைக்கும் வயிற்றறைக்கும் இடையே பிரிமென்றகடு எனும் தசைத்தட்டு ஒரு குடைபோல் அமைந்துள்ளது. அது சுருங்கிக் கீழே இறங்கும்போது சுவாசப்பைகள் விரிந்து காற்று உள்ளே வருகின்றது. அது தளர்ந்து மேலே எழும்போது காற்று வெளியேறுகின்றது. அமைதியாக இருக்கும்போது ஒவ்வொரு மூச்சிலும் நாம் ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் காற்றை உள்ளெடுத்து வெளிவிடுகின்றோம். மூச்சை வெளிவிட்ட பின்னரும் சுவாசப்பைகள் வெறுமையாவதில்லை. இரண்டு லீற்றருக்கு மேற்பட்ட காற்று உள்ளே எஞ்சி நிற்கின்றது. சுவாசப்பையின் நுண்ணறைகளையும் சிறிய சுவாசக்குழாய்களையும் ஒட்டிக்கொள்ளாமல் திறந்து வைத்திருப்பது இந்தக் காற்றிருப்பே.

வயிற்றினுள் கொழுப்புச் சேரும்போது அது பிரிமென்றகட்டைக் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளுகின்றது. மார்பிலும் தோளிலும் சேரும் கொழுப்பு, விலா எலும்புக்கூட்டின் மீது வைத்த மூட்டைபோல் அழுத்துகின்றது. இதனால் முதலில் குறைவது அந்தக் காற்றிருப்புத்தான். 2006 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, உடல் திணிவுச் சுட்டி 20 ஆக உள்ள ஒருவருடன் ஒப்பிடும்போது, அச்சுட்டி 30 ஆக உள்ளவரிடம் சாதாரண மூச்சை வெளிவிட்ட பின் எஞ்சும் காற்று நான்கில் மூன்று பங்காகக் குறைந்திருந்தது. அதற்குமேல் முயன்று ஊதி வெளியேற்றக்கூடிய சேமிப்புக் காற்று பாதிக்கும் குறைவாக, அதாவது 47 சதவீதமாக, இருந்தது. மிக மிகப் பருத்தவர்களுக்கு மட்டும் உரிய பாதிப்பன்று இது. இன்று நம் மத்தியில் ‘கொஞ்சம் உடம்பு வைத்தவர்’ என நாம் சாதாரணமாகக் குறிப்பிடும் ஒருவரிடமே இந்த மாற்றம் தொடங்கிவிடுகின்றது.

காற்றிருப்புக் குறைந்தால் என்ன நேரும்? சிறிய சுவாசக்குழாய்கள் தாமாகத் திறந்து நிற்பவையல்ல. சுற்றியுள்ள சுவாசப்பை இழையங்கள் கூடாரத்தின் கயிறுகளைப்போல அவற்றை நாற்புறமும் இழுத்துப் பிடித்திருப்பதனாலேயே அவை விரிந்துள்ளன. சுவாசப்பை போதிய அளவு விரியாதபோது அந்தக் கயிறுகள் தளர்கின்றன, குழாய்கள் ஒடுங்குகின்றன. சுவாசப்பையின் அடிப்பகுதியில் சில குழாய்கள் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மூடிக்கொள்ளவும் செய்கின்றன. அப்பகுதியினூடு பாயும் குருதி போதிய ஒட்சிசனைப் பெறாமலே திரும்புகின்றது. மல்லாந்து படுக்கும்போது வயிற்றின் பாரம் முழுவதும் மேல்நோக்கி நகர்வதால் நிலைமை மேலும் மோசமாகின்றது. பருத்த உடலுடையோர் பலர் உயரமான தலையணை இன்றி உறங்க இயலாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இன்னொன்றையும் இங்கு குறிப்பிட வேண்டும். சுவாசக்குழாயைச் சுற்றியுள்ள தசைகள், நாம் இடையிடையே விடும் ஆழ்ந்த பெருமூச்சினால் இழுபட்டுத் தளர்ந்துகொள்கின்றன. ஆழமற்ற சிறு மூச்சுகளையே தொடர்ந்து எடுப்பவரிடம் இந்த இழுபடல் குறைவதால் அத்தசைகள் விறைப்படைந்து, சிறிய தூண்டலுக்கும் சட்டெனச் சுருங்கும் இயல்பைப் பெறுகின்றன. தொய்வு என்பது அடிப்படையில் சுவாசக்குழாய்கள் அழற்சியடைந்து, எளிதிற் சுருங்கும் நோய். ஏற்கெனவே ஒடுங்கிய குழாயில் அந்தச் சுருக்கமும் சேர்ந்தால் விளைவு எத்தகையதாக இருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

கொழுப்பு வெறும் பாரமன்று

கொழுப்பை உடல் சுமக்கும் பயனற்ற மூட்டையாகக் கருதிய காலம் கடந்துவிட்டது. கொழுப்பிழையம் பல இரசாயனப் பொருள்களைக் குருதியிற் சுரக்கும் ஓர் உறுப்பாகவே இன்று கொள்ளப்படுகின்றது. உடற்பருமனில் லெப்டின் எனும் ஓமோன் அதிகரிக்கின்றது. அழற்சியைத் தூண்டும் பொருள்களும் கூடுகின்றன. அழற்சியைத் தணிக்கும் அடிப்போனெக்டின் என்ற பொருளோ குறைகின்றது. இவ்வாறு உடல் முழுவதும் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சி, சுவாசக்குழாய்களையும் விட்டுவைப்பதில்லை.

இங்கே மருத்துவர்கள் இருவகை நோயாளர்களை வேறுபடுத்திக் காண்கின்றனர். சிறுவயதிலேயே ஒவ்வாமையினால் தொய்வு தோன்றி, பின்னர் உடல் பருத்ததனால் நோய் கடுமையாகியவர்கள் ஒரு வகையினர். ஒவ்வாமை எதுவுமின்றி, உடல் பருத்த பின்னர் நடுவயதில் தொய்வு தோன்றியவர்கள் மற்ற வகையினர். இவர்களுட் பெரும்பாலானோர் பெண்கள். இவ்விரண்டாம் வகையினரின் அழற்சி, ஒவ்வாமைத் தொய்வின் அழற்சியினின்றும் வேறுபட்டது. எனவே வழக்கமாகக் கொடுக்கப்படும் உள்ளிழுக்கும் ஸ்டீரோயிட் மருந்து இவர்களிடம் சராசரியாகச் சற்றுக் குறைந்த பயனையே தருகின்றது. குறைந்த பயன் என்பது பயனில்லை என்பதாகாது. மருந்தை மாத்திரம் கூட்டிக்கொண்டே போவதனால் இந்நோயை வெல்ல முடியாது என்பதே இதன் பொருள்.

உடற்பருமனே தொய்வுக்கு முன்னோடியாகின்றதா, அல்லது தொய்வினால் முடங்கியவர்கள்தான் பருத்துவிடுகின்றார்களா என்ற ஐயம் எழுவது இயல்பு. இதற்கு விடை தேடி, தொய்வு இல்லாதவர்களை எடையுடன் பதிந்துவைத்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் நடத்தப்பட்டன. அமெரிக்கத் தாதியர் 85,911 பேரைப் பின்தொடர்ந்து 1999 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, உடல் திணிவுச் சுட்டி 30 இற்கு மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாகத் தொய்வு தோன்றும் வாய்ப்பு சாதாரண எடையுடைய பெண்களைவிட 2.7 மடங்கு எனக் கண்டது. பதினெட்டு வயதின் பின்னர் எவ்வளவு எடை கூடியதோ அவ்வளவுக்கு ஆபத்தும் கூடியது. 2007 இல் மூன்று இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமானோரை உள்ளடக்கிய ஏழு ஆய்வுகள் தொகுத்து நோக்கப்பட்டபோது, அளவுக்கு மேற்பட்ட எடையுடையோருக்கு இவ்வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எனத் தெரியவந்தது. ஆண், பெண் இருபாலாரிடமும் இது காணப்பட்டது.

‘களைக்குது’ என்ற ஒரு சொல்

நமது பேச்சுவழக்கு இவ்விடத்தில் ஒரு சிக்கலை ஏற்படுத்துகின்றது. யாழ்ப்பாணத்தில் மூச்சு வாங்குவதை ‘களைக்குது’ என்றே கூறுகின்றோம். படியேறிய பின் வரும் மூச்சிரைப்பு, தொய்வினால் வரும் இழுப்பு, இருதய நோயினால் வரும் மூச்சுமுட்டல், குருதிச்சோகையினால் வரும் அயர்வு ஆகிய யாவும் இந்த ஒரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன. நோயாளியும் உறவினரும் அச்சொல்லுடன் நின்றுவிட்டால், வைத்தியரின் ஐந்து நிமிட நேரத்தில் உண்மைக் காரணம் வெளிப்படாமலே போகலாம்.

உடல் பருத்தவருக்கு வரும் எல்லா மூச்சுவாங்கலும் தொய்வன்று. அவ்வாறே, உடல் பருத்தவர் என்பதனாலேயே அவரது மூச்சுவாங்கலை ‘உடம்பின் கோளாறு’ என ஒதுக்கிவிடவும் கூடாது. கனடாவில் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வொன்றில், தொய்வு இருப்பதாக ஏற்கெனவே கூறப்பட்டவர்களை மீண்டும் முறையாகப் பரிசோதித்தபோது பத்துப்பேருக்கு மூவரளவில் தொய்வு இருக்கவில்லை. பருத்தவர்களிடமும் பருமனற்றவர்களிடமும் இந்த அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஊதிப் பார்க்கும் சுவாசப் பரிசோதனையினால் மட்டுமே தொய்வை உறுதிப்படுத்த முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

ஆகவே வைத்தியரிடம் செல்பவர் சில விபரங்களைத் தெளிவாகக் கூற வேண்டும். மூச்சை வெளிவிடும்போது நெஞ்சிலிருந்து விசிலடிப்பது போன்ற ஒலி வருகின்றதா? நடுச்சாமத்திலோ விடியற்காலையிலோ இருமலும் இழுப்பும் எழுப்பிவிடுகின்றனவா? மார்கழி, தை மாதப் பனியிலும், தோட்டத்துக் குப்பை எரிக்கும் புகையிலும், செம்மண் புழுதியிலும் கூடுகின்றதா? ஒருநாள் கூடியும் ஒருநாள் குறைந்தும் காணப்படுகின்றதா? இவை தொய்வைச் சுட்டும் அறிகுறிகள். மாறாக, கால்கள் வீங்குதல், நெஞ்சுவலி, படுத்தவுடன் மூச்சுமுட்டுதல் ஆகியன இருந்தால் இருதயத்தைப் பரிசோதிப்பது அவசரமாகும்.

பருத்த உடலுடையோரின் தொய்வை மோசமாக்கும் மேலும் இரு துணைநோய்கள் உண்டு. ஒன்று, இரைப்பை அமிலம் மேலெழுந்து நெஞ்செரிவைத் தருதல். அது சுவாசக்குழாயை உறுத்தி இருமலைத் தூண்டும். மற்றது, உறக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு இடையிடையே நின்றுபோதல். உரத்த குறட்டை, திடீரென மூச்சுத் திணறி விழித்தல், காலையில் தலைவலி, பகலில் அடக்கமுடியாத தூக்கம் ஆகியன இதன் அடையாளங்கள். நம்மவர்கள் குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கருதிச் சிரித்து விட்டுவிடுகின்றனர். இதன் கடுமையான வடிவத்தில், பகலிலும் மூச்சு மந்தமாகி, குருதியில் காபனீரொட்சைட்டுச் சேர்ந்துவிடும். 1956 இல் இதை விபரித்த அமெரிக்க மருத்துவர்கள், சார்ள்ஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக்’ நாவலில் எந்நேரமும் தூங்கி வழியும் பருத்த சிறுவனை நினைவிற்கொண்டு அந்நோய்க்கு அந்நாவலின் பெயரையே சூட்டினர்.

தப்பமுடியாத சுழலா?

தொய்வும் உடற்பருமனும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழலாக இயங்குகின்றன. மூச்சு வாங்கும் என்ற அச்சத்தினால் நடப்பதும் வேலை செய்வதும் குறைகின்றன. அதனால் எடை கூடுகின்றது. எடை கூடுவதனால் மூச்சு மேலும் வாங்குகின்றது. இழுப்பு அடிக்கடி வரும்போது பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரோயிட் மாத்திரைகள் தேவைப்படுகின்றன. கடுமையான இழுப்பின்போது சில நாட்களுக்கு இம்மாத்திரை உயிர்காப்பது, அதில் ஐயமில்லை. ஆனால் மீண்டும் மீண்டும், சில வேளைகளில் வைத்திய ஆலோசனையின்றிப் பழைய துண்டைக் காட்டி வாங்கி உட்கொள்ளும்போது, பசி கூடி எடை ஏறுகின்றது, குருதிச் சீனி உயர்கின்றது, எலும்பு நலிகின்றது. நீரிழிவும் கூடவே உள்ளவருக்கு இது இரட்டைத் துன்பம்.

விந்தை என்னவெனில், இம்மாத்திரையைத் தயக்கமின்றி விழுங்கும் பலர், ‘பம்ப்’ எனப்படும் உள்ளிழுக்கும் மருந்துக்கு அஞ்சுகின்றனர். அது பழகிவிடும், இருதயத்தைப் பாதிக்கும், கடைசிக் கட்டத்துக்கு உரியது எனப் பலவாறாக நம்புகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. உள்ளிழுக்கும் ஸ்டீரோயிட் மிகச் சிறிய அளவில் நேரடியாகச் சுவாசக்குழாய்க்குச் செல்வதனால், மாத்திரையினால் ஏற்படும் எடைகூடல் போன்ற பக்கவிளைவுகள் மிகக் குறைவு. அதை ஒழுங்காகப் பாவிப்பவருக்கு மாத்திரை தேவைப்படும் சந்தர்ப்பமே அருகிவிடும். பொதுவாக நீல நிறத்தில் வரும் சல்பியூட்டமோல் பம்ப் உடனடி ஆறுதல் தருவதேயன்றி நோயின் அழற்சியைத் தணிப்பதில்லை. அதை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது என்பதனால், 2019 முதல் உலகத் தொய்வு வழிகாட்டல்கள் சல்பியூட்டமோலைத் தனியாகப் பாவிப்பதைப் பரிந்துரைப்பதில்லை. எடை குறையத் தொடங்கிவிட்டது என்பதற்காகவும் தடுப்பு மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. அளவைக் குறைப்பது வைத்தியரின் பொறுப்பு.

இந்தச் சுழலை உடைக்க முடியும் என்பதே நம்பிக்கை தரும் செய்தி. பின்லாந்தில் பருத்த உடலுடைய தொய்வு நோயாளர் 38 பேரிடம் நடத்தப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டினால் எடையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கைக் குறைத்தவர்களின் சுவாசப்பைத் தொழிற்பாடு முன்னேறியது. நோயின் தொல்லைகளும் குறைந்தன. பின்னர் 2013 இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று, எடையில் 5 முதல் 10 சதவீதத்தைக் குறைத்தாலே பலரிடம் தொய்வின் கட்டுப்பாடு குறிப்பிடத்தக்க அளவு மேம்படுவதைக் காட்டியது.

இந்தச் சதவீதத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 155 செ.மீ. உயரமும் 72 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணின் உடல் திணிவுச் சுட்டி 30. எடையைக் கிலோகிராமிற் கொண்டு, அதை மீற்றரிலான உயரத்தால் இருமுறை வகுத்தால் இது கிடைக்கும். அவர் மெலிந்த உடலைப் பெறவேண்டுமென்றால் 17 கிலோ அளவில் குறைக்க வேண்டும். அது மலைப்பைத் தரும் இலக்கு. ஆனால் மூச்சில் மாற்றத்தை உணர்வதற்கு அவர் குறைக்கவேண்டியது 3.6 முதல் 7.2 கிலோ மட்டுமே. ஆறு மாதத்தில், மாதம் ஒரு கிலோவாகக் குறைத்தால் அவ்விலக்கினுள் வந்துவிடலாம்.

தெற்காசியரான நமக்கு உடல் திணிவுச் சுட்டி 23 இலிருந்தே ஆபத்துத் தொடங்குவதையும் மறக்கலாகாது. நமது கொழுப்புப் பெரும்பாலும் வயிற்றிலேயே சேர்கின்றது. மூச்சை அழுத்துவதும் அதுவே. ஆகவே தராசைவிட ஓர் அளவுநாடா பயனுள்ளது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீற்றருக்கும் பெண்களுக்கு 80 செ.மீற்றருக்கும் உட்பட்டிருக்க வேண்டும் என்பது தெற்காசியருக்கென வகுக்கப்பட்ட அளவுகோல்.

வீட்டிலும் வீதியிலும் செய்யக்கூடியவை

எடை குறைப்பது என்றால் பட்டினி கிடப்பதன்று. நமது தேநீர்ப் பழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரு கரண்டி சீனி எனக் கொண்டால் 50 கிராம் சீனியும் 200 கலோரியும் உடலிற் சேர்கின்றன. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்குரிய மேல் எல்லையாகக் கூறும் சீனியின் அளவு முழுவதும் தேநீரிலேயே முடிந்துவிடுகின்றது. சீனிக்குப் பதில் பனங்கட்டியைக் கடித்தாலும் கணக்கு அதிகம் மாறுவதில்லை. குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளங்கள் 2016 முதல் இலங்கையிற் கட்டாயமாக்கப்பட்டன. சிவப்பு அடையாளமுள்ள போத்தலைத் தவிர்ப்பதற்கு எழுத்தறிவுகூடத் தேவையில்லை.

நமது பாரம்பரிய உணவுகள் எதிரிகளல்ல. அவற்றின் அளவும் விகிதமுமே மாறவேண்டும். தட்டில் அரைப்பங்கு மரக்கறியும் கீரையும், கால்பங்கு சோறோ பிட்டோ, கால்பங்கு பருப்போ மீனோ எனக் கொள்வது எளிய வழி. நீர்வேலித் தோட்டங்களில் விளையும் வாழைப்பழம் ஒன்றை மாலைச் சிற்றுண்டியாகக் கொள்வது, பொரித்த ரோல்ஸ் ஒன்றைவிட எவ்வளவோ மேலானது. குரக்கன் பிட்டும், முருங்கையிலைச் சுண்டலும், தேங்காய்ப்பால் குறைத்த சொதியும் நம் அடுக்களைகளுக்குப் புதியவையல்ல.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, தொய்வு உள்ளவர் நடக்கக்கூடாது என்பது தவறான எண்ணம். நோய் கட்டுப்பாட்டில் இருக்கும்போது நடப்பது மூச்சுத் தசைகளை வலுப்படுத்துகின்றது. வாரத்துக்கு 150 நிமிடங்கள் என்பது வளர்ந்தோருக்கான பொதுவான பரிந்துரை. அதை முதல் நாளிலேயே எட்டவேண்டியதில்லை. பத்து நிமிடத்தில் தொடங்கி, மெல்ல வேகம் கூட்டி, முடிக்கும்போதும் மெல்லக் குறைத்து, வாரந்தோறும் சில நிமிடங்களைக் கூட்டிச் செல்லலாம். பேசிக்கொண்டு நடக்கக்கூடிய வேகமே போதுமானது. பனி கடுமையான அதிகாலையையும் புழுதி பறக்கும் நேரத்தையும் தவிர்த்து மாலையில் நடப்பது நல்லது. நடக்கும்போது இழுப்பு வரும் இயல்புடையவர், முன்கூட்டியே மருந்தெடுப்பது பற்றி வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும். வீட்டு மூலையில் சாத்திவைத்த துவிச்சக்கரவண்டியைத் துடைத்தெடுத்துச் சந்தைக்கும் கோயிலுக்கும் அதிற் செல்வது, செலவில்லாத சிகிச்சையாகும்.

எடையோடு சேர்த்துப் புகையையும் கவனிக்க வேண்டும். புகைபோக்கி இல்லாத விறகடுப்பு, வளவில் எரிக்கும் சருகும் பிளாஸ்ரிக்கும், தோட்டத்தில் விசிறும் கிருமிநாசினி, வீட்டினுள் புகைக்கும் பீடி சிகரட் ஆகியவை எடை எவ்வளவு குறைந்தாலும் தொய்வைத் தூண்டிக்கொண்டேயிருக்கும். சமைப்பவரும் கூட்டுபவரும் பெரும்பாலும் பெண்களாக இருப்பதனால், இச்சுமை ஏற்கெனவே ஆபத்துக் கூடியவர்கள் மீதே விழுகின்றது.

பிள்ளைகள் விடயத்தில் பெற்றோரின் அன்பே சிலவேளை தீங்காகின்றது. தொய்வுள்ள பிள்ளையை விளையாட்டு நேரத்தில் வகுப்பறையில் இருத்திவைக்கும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்வதும், மெலிந்துவிடும் என்ற பயத்தில் இனிப்பும் மாப்பண்டமும் ஊட்டுவதும் நல்ல நோக்கத்துடன் செய்யப்படுபவையே. அவற்றின் விளைவு, பதினைந்து வயதில் தொய்வுடன் உடற்பருமனும் சேர்ந்த ஒரு பிள்ளை. ஒழுங்காக மருந்தெடுக்கும் பிள்ளை மற்றவர்களுடன் ஓடி விளையாடலாம், விளையாடவும் வேண்டும்.

எடையைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் பற்றியும் மக்கள் இப்போது வினவுகின்றனர். அவற்றுள் ஒன்றான ரிர்செப்பற்றைட், உடற்பருமனுடன் கூடிய உறக்கமூச்சுத் தடைக்கான மருந்தாக 2024 டிசெம்பரில் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. இவை பயனுள்ளவை, ஆனால் விலை உயர்ந்தவை, பக்கவிளைவுகள் உடையவை. வைத்தியரின் கண்காணிப்பின்றி இணையத்திலோ வெளிநாட்டு உறவினர் மூலமாகவோ பெற்று ஏற்றிக்கொள்ளத்தக்கவையல்ல.

நீர்வேலி மக்களுக்குக் கோப்பாய் வைத்தியசாலை அண்மையில் உள்ளது. மேலதிக பரிசோதனைகளுக்கு யாழ். போதனா வைத்தியசாலை உள்ளது. நாடெங்கும் அரச வைத்தியசாலைகளுடன் அமைக்கப்பட்டுள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் உயரம், எடை, குருதியமுக்கம், குருதிச் சீனி ஆகியன இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. அங்கு செல்லும் தொய்வு நோயாளி தன் மூச்சைப் பற்றியும், தொய்வுக் கிளினிக்குச் செல்பவர் தன் எடையைப் பற்றியும் தாமே வாய்திறந்து கேட்க வேண்டும். ஒரு வசனத்தை முழுமையாகப் பேசமுடியாதபடி மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, நீல பம்ப் ஆறுதல் தராவிட்டாலோ காத்திருக்கக்கூடாது. உடனே 1990 என்ற இலக்கத்தை அழைத்து இலவச நோயாளர் காவு வண்டியைப் பெறவேண்டும். அவ்வேளை எடையைப் பற்றிய அறிவுரைக்கு உரியதன்று.

இறுதியாக ஒன்று கூற வேண்டியுள்ளது. உடல் பருத்தவரைக் கேலி செய்வது நம் சமூகத்தில் சாதாரணமாகிவிட்டது. கேலிக்கு அஞ்சியவர் வீதியில் இறங்கி நடப்பதில்லை. கிளினிக்கில் தராசில் ஏறுவதுமில்லை. உடற்பருமன் ஒருவரின் சோம்பலுக்குக் கிடைத்த தண்டனையன்று. பரம்பரையும், மாறிய தொழிலும், மலிவாகக் கிடைக்கும் தீய உணவும், சிலவேளை அவர் உட்கொண்ட மருந்துமே சேர்ந்து உருவாக்கிய நோய் அது. மாலையில் ஒரு பெண் தயக்கத்துடன் வீதியோரம் நடக்கத் தொடங்கினால், அவருடன் கூட நடப்பதற்கு அயலவர் ஒருவர் முன்வருவாராயின், அதுவே அவருக்கு நாம் செய்யக்கூடிய பேருதவியாகும்.